நாற்பத்தொன்றாம் எண் ஜாடி

ஹோய்க்காவாரா
9 பிப்ரவரி 2009

ஹில்க்கா,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன் என்பதால் பழைய பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதே. போன வாரம் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ஆய்வுக்கூடத்தைவிட்டு வந்ததிலிருந்து நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கொதிகலன், வாசல் பனி, சாவிக்கொத்து, ஒழுகும் குழாய் எல்லாம் என் பொறுப்பு. என் மகள் ஹெய்னி நாலு வருஷமாக இங்கேதான் கிழக்குக் கட்டடத்தில் முதல் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். அவள் உன் ஞானமகள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

அவளுக்குக் குரல் போய்விட்டது. கோடையில் நன்றாக இருக்கிறாள். ஏரியில் படகில் உட்கார்ந்து கூப்பிட்டால் அக்கரையில் கேட்கும். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் தொண்டை கரகரக்கும், அக்டோபரில் வெறும் காற்றுதான் வரும். நாலு குளிர்காலமாக இதே கதை. இப்போது கை தட்டித்தான் வகுப்பைக் கூப்பிடுகிறாள். அவளைப் பார்த்துப் பார்த்துப் பத்தொன்பது குழந்தைகளும் கிசுகிசுக்கவே பழகிவிட்டன. பள்ளியிலேயே அமைதியான வகுப்பு இதுதான் என்று தலைமையாசிரியருக்குப் பெருமை வேறு.

தரையில் ஏதோ கோளாறு என்று நகரமன்றத்துக்கு மனுக் கொடுத்தோம். கட்டட அதிகாரி ஹெய்னியைக் கூப்பிட்டு, "இது காத்துல இல்லம்மா, ஒன் மனசுல இருக்கு. கொஞ்ச நாள் லீவு போட்டுட்டு வா. தலைநகர்ப் பக்கத்து ஆய்வுக்கூடமே நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கு, பாரு" என்று ஒரு தாளை நீட்டினாராம். அறிக்கை எண் 87. இந்தப் பிளாஸ்டிக் தரைவிரிப்பிலிருந்து வரும் வாயுக்கள் பத்து ஆண்டுகளில் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும் என்று அதில் இருந்தது. கீழே ஹில்க்கா தியாய்னென் என்று உன் சுத்தமான கையெழுத்து.

ஹெய்னி அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாதே.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டடத்தை முதலில் திறப்பவன் நான். இரண்டு நாள் பூட்டியிருந்த அறையில் ஒரு மணம் இருக்கும். இனிப்பாக, கனமாக, வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மையை முகர்ந்த மாதிரி. 1998இல் உன் எதிரே உட்கார்ந்து நான் சொன்ன அதே மணம்தான். முகர்வுப் பதிவேட்டில் நீ பேனாவால் அடித்தாயே, அந்த வரி.

ஏப்ரல் 6 அன்று நகரமன்றம் கூடுகிறது. அந்தக் கணிப்பு இந்தத் தரைக்குப் பொருந்தாது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. உனக்கு அது ஒரு வரி, அவளுக்குத் தொண்டை.

தைஸ்தோ


எஸ்போ
17 பிப்ரவரி 2009

அன்புள்ள தைஸ்தோ,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உன் கோபத்துக்காக, இரண்டாவது முறை விஷயத்துக்காக.

விஷயத்தை மட்டும் பேசுகிறேன். அந்தத் தரைவிரிப்பை எஃகுப் பெட்டிக்குள் இருபத்தெட்டு நாள் வைத்திருந்தோம். இருபத்து மூன்று டிகிரி, பாதி ஈரப்பதம். மூன்று நாளுக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்றை எடுத்து அளந்தோம். அளவு இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கும் வேகத்தை வைத்து, மீதிப் பத்து வருஷத்துக்கு நான் கோடு போட்டேன். நம் வேலையே அதுதானே? ஒரு மாதத்தைப் பார்த்துப் பத்து வருஷத்தைச் சொல்வது. பிறகு நாற்பது கட்டடங்களுக்கு நேரிலேயே போய் அளந்து பார்த்திருக்கிறோம். முப்பத்தெட்டில் கோடு சொன்னபடியேதான் இருந்தது. மீதி இரண்டும் அளவெடுத்ததில் நேர்ந்த பிழை.

அந்த வரியைப் பற்றி: முகர்ந்து பார்க்கும் குழுவில் இருப்பவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி தொடக்கூடாது. அந்த விதியை எழுதியது நீயும் நானும். அன்று காலை உன் கையில் கோப்பை இருந்ததை இரண்டு பேர் பார்த்தார்கள். யாராக இருந்தாலும் அடித்திருப்பேன். நீ என்பதால் அடிக்காமல் விட்டிருந்தால் அதுதான் தப்பு. அதற்காக ஒருவன் இருபது வருஷ வேலையை விட்டுவிட்டு, "ஒன் கோட்டையே கட்டிக்கிட்டு அழு" என்று கதவைச் சாத்திக்கொண்டு போவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதை இத்துடன் நிறுத்திவிட்டு உறையை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்ட மனம் வரவில்லை.

ஹெய்னிக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒருநாள் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சிப்போர்டுப் பலகையிலிருந்து வரும் வாயுவை அளந்துகொண்டிருந்த காலம். பெரிய எஃகு அறை காலியாக இருந்தது. உள்ளே போய் நின்று பாடினாள். குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. பயந்துபோய் ஓடிவந்து என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "உள்ள இன்னொரு பொண்ணு இருக்கா. பாவம், அவளையும் வெளிய விடுங்க" என்றாள். அன்று மத்தியானம் நாம் இரண்டு பேரும் வேலையே பார்க்கவில்லை.

அந்தக் குரல் போய்விட்டது என்று நீ எழுதியதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனாலும் ஒரு மணத்தை நம்பி நான் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாது. மூக்கை அனுப்பாதே, தரையை அனுப்பு. அளந்து சொல்கிறேன்.

ஹில்க்கா


ஹோய்க்காவாரா
1 மார்ச் 2009

ஹில்க்கா,

மூக்குள்ளவரை சளி. உனக்கு நான் உள்ளவரை தொல்லை. இதோ உன் தரை.

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது ஹெய்னியின் வகுப்பில், குழந்தைகள் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய பசை எப்படி இருக்க வேண்டும்? காய்ந்து கல்லாக இருக்க வேண்டும். விரிப்பைத் தூக்கினால் தேன் மாதிரி நூல் விடுகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, அந்தக் காரம்.

ஜாடியை நீ கற்றுக்கொடுத்த மாதிரியே சோப்பு போடாமல் கழுவி, இரண்டு மணி நேரம் அடுப்பில் சுட்டு, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வைத்து அடைத்திருக்கிறேன். எல்மா பார்த்துவிட்டு, "என் ஜாம் ஜாடியெல்லாம் ஒன் ஆபீசுக்குப் போய்ச் சேந்ததோட விட்டுச்சுன்னு நெனச்சேன், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கட்டிக்கொண்டது என்னை என்றாலும் அவள் எப்போதும் உன் கட்சிதான்.

அந்த நாளெல்லாம் நினைவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக் காலைகள். நாம் ஆறு பேர் வரிசையாகக் கண்ணாடிப் புனல்களுக்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சென்ட் போடக்கூடாது, பூண்டு தின்னக்கூடாது, காபி கூடாது. பஸ் ஓட்டும் அந்தப் பெரியவர் எல்லாவற்றுக்கும் "சகிக்கலாம்" என்றே எழுதுவார். முகர்ந்து முடித்ததும் கெட்டிலை நோக்கி ஓடுவோமே, சர்ச் விட்ட குழந்தைகள் மாதிரி! நீ சுட்டுக்கொண்டு வரும் ஏலக்காய் பன். இந்தக் கைனூப் பக்கத்து வழக்கப்படி காபியில் சுட்ட பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு நான் குடிப்பதைப் பார்த்து, "கைனூக் காட்டுப்பயலே, அது காபியா, சூப்பா?" என்பாய். அந்தக் கேலியைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறார்கள், கேலி செய்ய ஆளில்லை.

சரி, காபிக்கு வருகிறேன். அன்று நான் குடிக்கவில்லை. கோப்பை கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. எழுதி வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உன் எஃகுப் பெட்டியில் விரிப்பை எதன் மேல் ஒட்டினாய்? எஃகுத் தகட்டின் மேல். பள்ளிக்கூடத்தில் அதை எதன் மேல் ஒட்டுவார்கள்? காங்கிரீட்டின் மேல். அதனால்தான் நான் எல்மாவின் பன் தகரத்தில் காங்கிரீட் ஊற்றி, முழுதாகக் காய்வதற்கு முன்பே அதே பசையால் ஒரு துண்டை ஒட்டி, தகரத்திலிருந்து பெயர்த்து ஒரு ஜாடியில் அடைத்துக் கொண்டுவந்தேன். "இது ஆராய்ச்சி இல்ல தைஸ்தோ, சமையல்" என்று எல்லோர் எதிரிலும் சிரித்தாய். அது எந்தக் குப்பைமேட்டில் கிடக்கிறதோ. அதை முகர்ந்துவிட்டுத்தான் அந்த வரியைச் சொன்னேன்.

தைஸ்தோ


எஸ்போ
13 மார்ச் 2009

தைஸ்தோ,

ஜாடி உடையாமல் வந்தது. கருவிக்குக் கொடுப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து நானே முகர்ந்தேன். முப்பது வருஷத்தில் என் சொந்த மூக்கை நம்பி ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. அன்று காலை நான் காபி குடிக்கவில்லை.

நீ சொன்ன மாதிரிதான் இருந்தது. இனிப்பு, கனம், பொம்மை.

அளந்தும் பார்த்துவிட்டேன். அந்தப் பொருளின் பெயரால் உனக்கு ஒரு பயனும் இல்லை, அது ஒருவகை ஆல்கஹால். ஈரமான காங்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்புக் காரம் பசையையும் விரிப்பின் மென்மையூட்டியையும் மெதுவாகத் தின்னும். தின்னத் தின்ன இது வெளியே வரும். என் கோடு பத்தாம் வருஷத்தில் சொன்ன அளவைப் போல அறுபது மடங்கு இருக்கிறது. இறங்கவே இல்லை தைஸ்தோ. முதல் வருஷம் இறங்கியிருக்கும், பிறகு திரும்பி ஏறியிருக்கும். நான் இருபத்தெட்டாம் நாளோடு பெட்டியை மூடிவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன். உன் பன் தகரக் காங்கிரீட் குப்பைமேட்டில் இல்லை.

நீ போன மறுநாள் உன் மேசையை நான்தான் ஒழித்தேன். அந்தக் காங்கிரீட் துண்டைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். ஜாடிமேல் உன் கையெழுத்தில் 'மாதிரி எண் 41, ஹில்க்கா பார்த்துச் சிரித்தது' என்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் போட முடியவில்லை. கீழ்த்தளத்தில், பழைய சிப்போர்டு மாதிரிகளுக்குப் பின்னால் வைத்தேன். அதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. கோபம் தணிந்து நீ திரும்பி வந்தால், "என் ஜாடி எங்க?" என்று கேட்பாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் கீழே போகும்போதெல்லாம் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று அதைத் திறந்தேன். உன் பள்ளிக்கூடத் தரையும் அந்த ஜாடியும் ஒரே அளவு காட்டுகின்றன. பத்து வருஷக் கணிப்புக்கு உண்மையான சோதனையை நீதான் செய்திருக்கிறாய், ஒரு பன் தகரத்தில். நான் அதற்குக் காவல் மட்டும் இருந்திருக்கிறேன்.

அந்த இரண்டு கட்டடங்களின் தாள்களையும் தேடி எடுத்துப் பார்த்தேன், 'அளவெடுத்ததில் பிழை' என்று நான் ஒதுக்கியவை. இரண்டிலும் தரை, மண்மேல் போட்ட காங்கிரீட்.

என்னைத் திட்டிக்கொள், ஆனால் இன்னும் நகரமன்றத்துக்கு எழுதவில்லை. மே 29 எனக்குக் கடைசி நாள். ஓய்வு. என் கோடுகளை எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறார்கள், அச்சுக்குப் போய்விட்டது. இருநூற்றுப் பதினாலு அறிக்கைகளில் என் கையெழுத்து இருக்கிறது. ஒன்று பிழை என்றால் மற்றவற்றையும் கேட்பார்கள். தலைவர் கௌகோ, "ஏன் ஹில்க்கா, போற நேரத்துல எதுக்கு இந்த வம்பு? கேக்க வெட்டிட்டு நிம்மதியாப் போங்க. அந்த ஊர்க்காரங்க வேற எடத்துல அளந்துக்கட்டும்" என்கிறார். நல்ல மனிதர். அவர் சொல்லும்போது கேட்கத் தோன்றுகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹெய்னி எப்படி இருக்கிறாள்?

ஹில்க்கா


ஹோய்க்காவாரா
19 மார்ச் 2009

ஹில்க்கா,

ஹெய்னி ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். கூட்டத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் கொடுத்துவிடுவாள். அவள் போய்விட்டால் அடுத்து ஒருத்தி வருவாள், அந்தப் பத்தொன்பது பேரும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார்கள். அதில் மூன்று பேருக்கு இப்போதே இருமல்.

ஜாடியைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொதிகலன் அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். தூசி தட்டி வைத்திருந்தாயா? பைத்தியக்காரி.

உன்னைத் திட்டச் சொல்கிறாய். அந்த யோக்கியதை எனக்கு இல்லை. யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். எல்மாவுக்குக்கூடத் தெரியாது.

1999 ஜூலை. கிழக்குக் கட்டடத்தின் தரையை மே மாதம்தான் ஊற்றியிருந்தார்கள். ஆகஸ்டில் பள்ளி திறக்க வேண்டும் என்று அவசரம். விரிப்புச் சுருள்கள் வந்து இறங்கின. அதே விரிப்பு, அதே பசை. கட்டட அலுவலகத்தில் உன் அறிக்கை எண் 87 கிடந்தது, புரட்டிப் பார்த்தேன். அன்று மாலை எல்லோரும் போன பிறகு, அப்பம் சுற்றும் பிளாஸ்டிக் தாளைக் கொஞ்சம் வெட்டிக் காங்கிரீட்டின் மேல் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினேன். காலையில் போய்ப் பார்த்தால் தாளுக்கு அடியில் வேர்த்துக் கொட்டியிருந்தது. துளித் துளியாகத் தண்ணீர். தரை இன்னும் காயவே இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை, ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அதனால் இல்லை. மனதில் நினைத்தது இதுதான்: "என் மூக்குதான் செல்லாதே. அவ கோடு எங்க போகுதுன்னு அவளே பாக்கட்டும்." தாளை உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு புல் வெட்டப் போய்விட்டேன்.

உன்னைத் தோற்கடிக்க ஒரு தரையைப் பலி கொடுத்தேன். ஆறு வருஷம் கழித்து என் மகள் அந்தத் தரையில் நின்று பாடம் எடுக்க வருவாள் என்று அப்போது தெரியவில்லை. வந்த பிறகும் நாலு குளிர்காலம் சும்மா இருந்தேன். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதுகூட இதை எழுதவில்லை.

நீ எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதினால் என் பெயரையும் போடு.

தைஸ்தோ


எஸ்போ
30 மார்ச் 2009

தைஸ்தோ,

உன் கடிதம் வந்து நாலு நாள் உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என்னோடு சண்டை போடு, என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல், கல்லெடுத்து எறி. அந்தத் தாளை எப்படிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய்? ஒரு தபால்தலை, அவ்வளவுதானே! 'தரை ஈரம்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் மறுநாளே ரயில் ஏறியிருப்பேன்.

ஏறியிருப்பேனா? ஐந்தாம் நாள் என்னையே அப்படிக் கேட்டுக்கொண்டேன். 1999இல் இருந்த ஹில்க்கா, "தைஸ்தோவுக்கு இன்னும் கோபம் ஆறல" என்று கடிதத்தை மடித்து வைத்திருப்பாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றுதானே இருந்தேன்.

நகரமன்றத்துக்கு வெள்ளிக்கிழமையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு நகல்:

"அறிக்கை எண் 87இல் நான் கையெழுத்திட்ட பத்தாண்டுக் கணிப்பு, எஃகுத் தகட்டின் மேல் ஒட்டிய தரைவிரிப்புக்கு மட்டுமே பொருந்தும். அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் எங்கும் இல்லை. ஈரமான காங்கிரீட்டின் மேல் ஒட்டினால் இதே விரிப்பிலிருந்து வரும் வாயு ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடும் என்பதை எங்கள் ஊழியர் தைஸ்தோ மூஸ்தோனென் 1998இலேயே சோதித்துச் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. பிழை என்னுடையது. உங்கள் பள்ளியின் கிழக்குக் கட்டடத்தில் வேலை செய்பவர்களின் உடல்நலக் குறைவுக்கு மனம் காரணம் என்று காட்ட என் அறிக்கையைப் பயன்படுத்தக் கூடாது. தரையைப் பிரித்து, காங்கிரீட்டைக் காயவைத்துச் சுத்தம் செய்யும்வரை அங்கே யாரையும் உட்கார வைக்க வேண்டாம்."

அளவுகளையும் இணைத்திருக்கிறேன். புத்தகத்தை அச்சிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். கௌகோ என்னோடு பேசுவதில்லை. காங்கிரீட்டின் மேல் போட்ட விரிப்புகளுக்கு எத்தனை அறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. மே மாதத்துக்குள் முப்பத்தொரு கடிதங்களையும் எழுதி முடித்துவிடுவேன்.

அந்தத் தாளைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. கூட்டத்தில் எழுந்து நின்று சொல்.

ஹில்க்கா


ஹோய்க்காவாரா
16 ஏப்ரல் 2009

ஹில்க்கா,

சொல்லிவிட்டேன்.

முதலில் உன் கடிதத்தைப் படித்தார்கள். 'பிழை என்னுடையது' என்ற இடத்தில் கட்டட அதிகாரி, "இந்த வரிய இன்னொரு தடவ படிங்க" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். ஓர் ஆய்வுக்கூடம் அப்படி எழுதி அவர் பார்த்ததே இல்லையாம். பிறகு நான் எழுந்தேன். தாளை ஒட்டியது, தண்ணீர், பாக்கெட், எல்லாவற்றையும் சொன்னேன். ஹெய்னி முன் வரிசையில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

கட்டடத்தை அன்றே பூட்டிவிட்டார்கள். முதல் வகுப்பு இப்போது தீயணைப்பு நிலைய மாடியில் நடக்கிறது. பையன்களுக்கும் பெண்களுக்கும் சொர்க்கம்தான், வண்டி கிளம்பும்போதெல்லாம் பாடம் நின்றுவிடுகிறது. என்மேல் விசாரணை உண்டு, இந்த வருஷம் சம்பள உயர்வு கிடையாது. தலைமையாசிரியர், "சாவிக்கொத்த மட்டும் வச்சுக்கோ, அந்தக் கொதிகலன் ஒன்னத் தவிர யார் பேச்சையும் கேக்காது" என்றார்.

ஹெய்னி பத்து நாள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சீட்டில் எழுதி எல்மாவிடம் கொடுத்திருக்கிறாள். வரட்டும், நான் காத்திருக்கிறேன். அந்த வேலையில் எனக்குப் பழக்கம் இல்லை, உனக்குத்தான் உண்டு.

தைஸ்தோ


எஸ்போ
29 மே 2009

தைஸ்தோ,

இன்று கேக் வெட்டினார்கள். கௌகோவும் வந்தார். கடைசியில், "முப்பத்தொன்னையும் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அனுப்பிவிட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு எஃகு அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பாட வராது எனக்கு. "ஹலோ" என்றேன். அந்த இன்னொருத்தியும் கிழவியாகிவிட்டாள்.

நாற்பத்தொன்றாம் ஜாடியை இனிமேல் யாரும் தூக்கிப் போடக் கூடாது என்று எழுதிப் பூட்டி வைத்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் கடைசி வேலையாக 1998இன் முகர்வுப் பதிவேட்டை எடுத்தேன். நான் அடித்த வரிக்குப் பக்கத்தில், 'அடித்தது தவறு. முகர்ந்தவர் சொன்னது சரி. ஹி.தி.' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

ஹில்க்கா


ஹோய்க்காவாரா
15 ஜூன் 2009

அன்புள்ள ஹில்க்கா,

நேற்று ஏரிக்கரை சவுனாவில் நீராவிக் குளியலுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தேன். ஹெய்னி படகை எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போனாள். ஏப்ரல் கடைசியிலேயே வீட்டுக்கு வரப் போக ஆரம்பித்துவிட்டாள், ஆனால் என்னிடம் பேசவில்லை. நேற்று நடு ஏரியில் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாடினாள். முழுக் குரலில். எதிர்ப் பாறையில் மோதி அது திரும்பி வந்தது. கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கத்தினாள்: "அப்பா! அந்தப் பொண்ணு வெளிய வந்துட்டான்னு ஹில்க்காவுக்கு எழுது!"

கோடாரியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எல்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், கையை வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ பதிவேட்டில் எனக்காக அப்படி எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. நீ அடித்தது தவறு இல்லை ஹில்க்கா. அன்று காலை நான் காபி குடித்தேன். இரண்டு கோப்பை. பனியில் பஸ் தாமதமாக வந்து கை விறைத்துப்போயிருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். மணம் இருந்தது சத்தியம். காபியும் சத்தியம். பதினோரு வருஷமாக இல்லை என்று சாதித்து, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். அந்த வரியை மறுபடி அடித்துவிடு.

நடுக்கோடை விழாவுக்கு வா. எல்மா பிர்ச் கிளைகளைக் கட்டி வைக்கிறாள்.

உன் தைஸ்தோ


எஸ்போ
17 ஜூன் 2009

தைஸ்தோ,

தெரியும். அன்று உன் கோப்பையைக் கழுவியது நான். அடியில் பாலாடைக்கட்டித் துண்டு ஒட்டியிருந்தது. அதனால்தான் போன மாதம் பதிவேட்டில் காபியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. போய்ப் படித்துப் பார்த்தாலும் பொய் இருக்காது. அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். ஏலக்காய் பன் சுட்டுவிட்டேன். ஹெய்னியை நடைமேடைக்கு அழைத்து வா, தூரத்திலிருந்தே என்னைக் கூப்பிடச் சொல்.

ஹில்க்கா